லொட்ஜ் அறைக்குள் ஒரு கேத்தலும் ஒரு பிளாஸ்க்கும்: திருகோணமலையில் நீண்ட நாள் பாவித்த அனுபவம்

திருகோணமலையில் மத்தியானச் சாப்பாடு ஒரு பிரச்சினையே இல்லை. எந்தச் சைவக்கடையிலும் சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு கீரை வறை என்று நிறைவாகச் சாப்பிடலாம். சிக்கல் காலையிலும் இரவிலும்தான். இரவு எட்டு மணிக்குப் பிறகு தெருவில் கிடைப்பது கொத்துரொட்டியும் பறாட்டாவும் ஃபிரைட் றைஸும். இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அது போதும். ஆனால் பெரியாஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை நிற்க வந்தவர்கள், இடமாற்றத்தில் வந்து வீடு கிடைக்கும்வரை லொட்ஜில் இருக்கிற உத்தியோகத்தர்கள், பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் வாரக்கணக்கில் அதையே சாப்பிட்டால் வயிறும் பணமும் சேர்ந்தே கெடும். அதனால் மத்தியானத்தைக் கடையில் வைத்துக்கொண்டு, காலையையும் இரவையும் அறைக்குள் கொண்டுவருவதுதான் சரியான வழி. அதற்கு அடுப்பு தேவையில்லை.

வேண்டியவை இரண்டே பொருள். முதலாவது 0.8 லீற்றர் கேத்தல். 800 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. கடைக்காரர் 1,500 வாட் கேத்தலைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார், கெதியாகக் கொதிக்கும் என்பார். பழைய லொட்ஜ்களில் இருப்பது 5 அம்பியர் உருண்டைப் பின் பிளக் பொயின்ட். 1,500 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் ஆறரை அம்பியர் இழுக்கும். அடப்டர் போட்டுக் குத்தினால் முதல் நாளே ஒன்றும் ஆகாது. சில நாளில் அடப்டரின் ஓட்டை பழுப்பாகும், பிறகு பிளாஸ்ரிக் உருகும் மணம் வரும். 800 வாட் என்றால் மூன்றரை அம்பியர்தான், 600 மில்லிலீற்றர் தண்ணீர் ஐந்து நிமிடத்துக்குள் கொதித்துவிடும். அறைக்குள் சமைக்கக்கூடாது என்று சொல்லும் முதலாளியிடம் ஒளிக்க வேண்டாம், கேட்டுவிடுங்கள். ஒரு முறை கொதிக்கவைக்க ஏறத்தாழ 0.06 யூனிட் கரண்ட்தான் போகும் என்று சொன்னால் பெரும்பாலும் ஓம் என்பார்கள். தண்ணீருக்குள் விடுகிற சுடுதண்ணிக் கோல் மலிவுதான், ஆனால் தானாக நிற்காது, ஷொக் அடிக்கும். அதை வாங்கவே வேண்டாம்.

இரண்டாவது, 750 மில்லிலீற்றர் அகலவாய் ஸ்ரீல் பிளாஸ்க். உள்ளே கண்ணாடி உள்ளது பஸ்ஸில் ஒரு குலுக்கலில் போய்விடும். ஒடுங்கிய வாய் உள்ளதற்குள் கரண்டி போகாது, கழுவவும் முடியாது. வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். கொதிதண்ணீர் நிரப்பி மூடி ஆறு மணித்தியாலம் விடுங்கள். திறக்கும்போது விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் அது சமைக்கும். இளஞ்சூடாக இருந்தால் தேத்தண்ணி கொண்டுபோகத்தான் உதவும்.

இரவுக்கு எங்கள் முதல் தெரிவு கஞ்சி. 20 கிராம் பயறைக் காலையில் போகும்போதே ஊறவைத்துவிடுங்கள். மாலையில் வந்ததும் பிளாஸ்க்கைக் கொதிதண்ணீரால் நிரப்பி ஐந்து நிமிடம் மூடிவைத்து ஊற்றிவிடுங்கள். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுத்தான் பலர் "வேகவில்லை" என்கிறார்கள். குளிர்ந்த ஸ்ரீல் முதல் நிமிடத்திலேயே கொதிதண்ணீரின் சூட்டைக் குடித்துவிடும். பிறகு 50 கிராம் பச்சரிசிக் குறுணலையும் பயறையும் போட்டு, கொஞ்சம் கொதிதண்ணீர் விட்டு அலசி வடித்துவிட்டு, புதிதாகக் கொதித்த 600 மில்லிலீற்றரைக் கழுத்துவரை ஊற்றி இறுக மூடுங்கள். அரைவாசி மட்டும் நிரப்பினால் மேலே நிற்கிற காற்றும் குறைந்த தண்ணீரும் சேர்ந்து சூடு சட்டென்று இறங்கும். துவாயால் சுற்றிப் படுக்கையில் கிடத்துங்கள், முதல் அரை மணிக்குள் இரண்டு தரம் குலுக்குங்கள், இல்லாவிட்டால் அரிசி அடியில் கட்டிபடும். இரண்டு மணித்தியாலத்தில் கஞ்சி தயார். திறந்து ஒரு கைப்பிடி முருங்கையிலை போட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்தால் இலை பச்சை மாறாமல் வெந்திருக்கும். உப்பும் தேசிக்காய்ப் புளியும் கடைசியில் சேருங்கள். புளியை முதலே விட்டால் பயறு விறைத்துக்கொண்டே நிற்கும்.

முட்டையும் இதிலேயே அவியும். சூடாக்கிய பிளாஸ்க்கைச் சரித்துப் பிடித்து, கரண்டியில் வைத்துச் சுவர் ஓரமாக வழுக்கவிடுங்கள். நேரே போட்டால் ஓடு வெடித்து வெள்ளை முழுவதும் தண்ணீரில் நூலாக மிதக்கும். இரண்டு முட்டைக்கு மேல் வேண்டாம், கொதிதண்ணீர் நிரப்பி 25 நிமிடம். லொட்ஜ்காரரின் கேத்தலுக்குள் முட்டை அவிப்பது மட்டும் கூடாது. ஓட்டில் உள்ள அழுக்கு அடுத்து வருகிறவரின் தேத்தண்ணிக்குள் போகும்.

குரக்கன் மாவில் பலர் தோற்பது கட்டிபடுவதால். 20 கிராம் மாவை முதலில் 50 மில்லிலீற்றர் பச்சைத் தண்ணீரில் கரையுங்கள், பிறகு 250 மில்லிலீற்றர் கொதிதண்ணீர் விட்டுக் குலுக்கி 15 நிமிடம் மூடிவையுங்கள். நாக்கில் பச்சை மா மணம் இருந்தால் பிளாஸ்க் சூடாக இருக்கவில்லை என்று அர்த்தம்.

கொதிதண்ணீரே வேண்டாம் என்றால் சிவப்பு அவல். 60 கிராம் அவலைக் கழுவி, ஆறிய தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் விட்டு, கிண்ணியாத் தயிரும் ஒரு கதலிப்பழமும் போட்டுப் பிசைந்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. முழுச் சட்டித் தயிர் ஒருவருக்கு அதிகம். குளிர்சாதனப்பெட்டி உள்ள அறையிலும் சாவி அட்டையை உருவினால் கரண்ட் நின்றுவிடும், மாலையில் வந்து பார்க்கும்போது தயிர் புளித்து மேலே நீர் விட்டிருக்கும். சிறிய கோப்பையாக வாங்கி அன்றே முடியுங்கள்.

கொண்டைக்கடலை பிளாஸ்க்கில் அவியும் என்று நம்ப முடியாது. மாலையில் கடற்கரையில் அவித்த கடலை சூடாகக் கிடைக்கும், அதை வாங்குவதே நல்லது. சிவப்புப் போஞ்சி விதையைப் பிளாஸ்க்கில் போடவே கூடாது. அதிலுள்ள நஞ்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். பிளாஸ்க்கில் சூடு இறங்கிக்கொண்டே போகும், விதை மெதுவானாலும் நஞ்சு நிற்கும், சாப்பிட்டவருக்குச் சில மணித்தியாலத்தில் வாந்தி தொடங்கிவிடும்.

காசு மிச்சம் பிடிக்க நினைத்துச் செய்கிற பெரிய பிழை ஒன்று இருக்கிறது: மத்தியானப் பார்சலில் பாதியை இரவுக்கு வைப்பது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பூட்டிய அறை அடுப்பு மாதிரிச் சுடும். தேங்காய்ப்பால் கறியும் சம்பலும் முதலில் போகும், அது மணத்திலேயே தெரியும். சோறு அப்படியல்ல. வெந்த சோற்றிலும் உயிரோடு தங்கும் கிருமி வித்துகள் அந்த வெக்கையில் பெருகி நஞ்சை உண்டாக்கும். மணம் மாறாது, கொதிதண்ணீர் ஊற்றினாலும் அந்த நஞ்சு போகாது. வாங்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிடுங்கள், வெக்கை கூடிய நாளில் ஒரு மணித்தியாலத்துக்குள். பார்சல் பெரிது என்றால் அரைப் பார்சல் கேளுங்கள், அல்லது அறையில் இன்னொருவர் இருந்தால் வாங்கிய உடனேயே பிரித்துவிடுங்கள்.

புரதத்துக்குப் பயப்பட வேண்டாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்கு 50 கிராம் அளவு போதும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கைப்பிடி வறுத்த கச்சானில் ஏழு கிராம், மீதியைப் பயறும் தயிரும் மத்தியானப் பருப்பும் பார்த்துக்கொள்ளும். அவசரத்துக்குச் சிறிய ரின் மீன் ஒன்று வைத்திருங்கள். வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய், தேசிக்காய் சேர்த்துப் பிசைந்தால் பாணுக்கு நல்ல சோடி. திறந்தால் ஒரே வேளையில் முடியுங்கள். நூடில்ஸ் பக்கெட்டைத் தள்ளிவைக்க முடியாவிட்டால் சுவைத்தூளில் பாதியை மட்டும் போடுங்கள். ஒரு நாளுக்கு ஐந்து கிராம் உப்புக்குள் நிற்கவேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு, அந்தத் தூள் அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

நீண்ட நாள் பாவிப்பில் முதலில் கெடுவது பிளாஸ்க் மூடியின் றப்பர் வளையம். கஞ்சி மணம் அதில்தான் குடியிருக்கும், அடுத்த நாள் தேத்தண்ணியில் பயறு மணக்கும். கரண்டிக் காம்பால் வளையத்தைக் கிளப்பி எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவைத்த பிறகே மாட்டுங்கள். மூடியைத் திறந்தே வையுங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பாவித்தால் கேத்தல் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும். அரைத் தேசிக்காய் பிழிந்து கொதிக்கவிட்டு அரை மணி வைத்தால் கழன்றுவிடும். கடற்காற்றில் கேத்தலின் அடித்தட்டுத் தொடுமுனைகள் துருப்பிடிக்கும், பாவித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். எறும்புக்குப் பனங்கட்டிப் போத்தலைத் தண்ணீர்க் கோப்பைக்குள் வைப்பதே போதும்.

இன்னொன்று. பார்சல் சுற்றின பொலித்தீனை லொட்ஜ் வாசலில் கட்டித் தொங்கவிடாதீர்கள். கோட்டைப் பக்கத்து மான்கள் நகருக்குள் இறங்கி வந்து, சோற்று மணத்துக்காகப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. அது வயிற்றில் தங்கிச் செத்த மான்களும் உண்டு. எஞ்சியதைக் கழுவி ஊற்றிவிட்டு, பொலித்தீனை மூடியுள்ள வாளியில் போடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு ரிஃபின் கரியரைக் கையோடு கொண்டுபோனால் அந்தப் பொலித்தீனே தேவையில்லை. கடைக்காரர் கறியைக் கொஞ்சம் கூடவே போட்டுத் தருவார்.