நுங்கா, சின்ன டம்ளர் தண்ணீரா?

தண்ணீரைக் கண்டாலே முகம் திருப்பும் குழந்தைக்குச் சித்திரை வெயிலில் தொண்டி, ராமேசுவரம் பக்கத்து வீடுகளில் நுங்குதான் கைகொடுக்கிறது. துவர்க்கும் தோலை உரித்து, நன்றாக மசித்து ஊட்டினால் மறுபேச்சின்றி உள்ளே இறங்கும். முழுச் சுளையாகக் கொடுக்கவே கூடாது. வழுக்கித் தொண்டையில் அடைத்துவிடும். பருவம் முடிந்தால் நுங்குக்கு எங்கே போவது?

சின்ன எவர்சில்வர் டம்ளரில் இரண்டு வாய்த் தண்ணீர் ஊற்றி, பிள்ளையே பிடித்துக் குடிக்க விடுவது ஆண்டு முழுக்க நடக்கும். பாதி சட்டையில் கொட்டும், கொட்டட்டும். உப்புக்கரிக்கும் கிணற்று நீரைத் துப்பினால் அது அடம் அல்ல. நல்ல தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள். ஒன்று முதல் மூன்று வயதுவரை பால், கஞ்சி, பழம் எல்லாம் சேர்த்து நாளுக்குச் சுமார் 1.3 லிட்டர் நீர்ச்சத்து போதும். என் ஓட்டு டம்ளருக்கே. உதடு காய்ந்து, சிறுநீரும் குறைந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.