கையெழுத்து செக் பண்ற ஏஐ, ரெண்டு வருஷம் ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்

மிண்ட் ஏரியால சீட்டு நடத்தற பிரெண்டு நேத்து கேட்டான், மச்சி நீ வச்சிருக்கற அந்த கையெழுத்து செக் பண்ற சாஃப்ட்வேர் ரேட் கொறச்சிட்டானாமே, வாங்கிப் போடலாமான்னு. வாட்ஸ்அப்ல டைப் பண்ணப் பண்ண நீண்டுக்கிட்டே போச்சு, அதான் இங்கயே போட்டுட்டேன். நமக்கு பழைய வண்ணாரப்பேட்டைல சின்ன பைனான்ஸ், கடன் பத்திரம், ஜாமீன் கையெழுத்து இதான் பொழப்பு.

பழைய சைன் சிலது ஏத்தி வச்சா புதுசை அதோட ஒத்துப் பாத்து மார்க் போடும், இது தெரிஞ்சதுதான். இந்த ஐடியாவே 1993ல அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்து ஆளுங்க சயாமீஸ் நெட்வொர்க்னு பண்ணது, ஒரே மாதிரி ரெண்டு ஏஐ நெட்வொர்க், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சைன், ரெண்டும் எவ்ளோ தள்ளி நிக்குதுன்னு அளக்கறது. ஆனா அவங்க பேனா போற பாதையையே டேப்லெட்ல பதிவு பண்ணி எடுத்தாங்க. நம்மகிட்ட இருக்கறது ஸ்கேன் பண்ண காஞ்ச இங்க். அதுல பேனா போன வேகம் ஏது?

இங்கதான் எனக்கு கடுப்பு. காசிமேட்டுல மீன் விக்கற அக்காங்க ஐஸ்ல ஊறி வெறைச்ச கையோட வந்து தமிழ்ல ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் போடுவாங்க, ஒரு நாள் சுழி பெருசாயிடும், ஒரு நாள் கொம்பு கீழ் லைன்ல இடிக்கும், உடனே இது ஒத்துப்போகலன்னு செவப்பு காட்டும். "இன்னா தம்பி, என் கையெழுத்த நான் போடலன்னு உன் பொட்டி சொல்லுதா?"ன்னு அவங்க கேக்க நான் பல்லைக் காட்டிட்டு நிக்கணும். ஆராய்ச்சில எல்லாரும் எடுக்கற சைன் டேட்டா பாத்தா, சீடார்ங்கற தொகுப்புல 55 பேர், இங்கிலீஷ் சைன், பிஹெச்சிக்260ங்கற தொகுப்புல ஹிந்தில போட்டவங்க 160 பேர், பெங்காலில 100 பேர். தமிழ் இல்ல. சாஃப்ட்வேர் வித்தவன்கிட்ட எதுல ட்ரெயின் பண்ணேன்னு கேட்டா "அட்வான்ஸ்டு மாடல் சார்"ங்கறான்.

அதே பொட்டி, ஒரு ஜாமீன் சைனுக்கு 96 மார்க் போட்டு பச்சை காட்டுச்சு. எங்க கணக்கர் அண்ணன் பேப்பரை டியூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பாத்தாரு. கோடு மொத்தமும் ஒரே தடிமன், வளைவு நடுவுல பேனா நின்ன எடத்துல இங்க் புள்ளி, பின்னாடி தடவுனா புடைப்பு. பழைய சைன் மேல வச்சா மயிரிழை பிசகல, அசல் ரெண்டு என்னைக்குமே அப்படி உக்காராது. கண்ணாடில வச்சு இழுத்திருக்கான். ஒத்துப்போக ஒத்துப்போக மார்க் ஏத்தற மெஷினுக்கு இது எப்படி சந்தேகமாத் தெரியும்? பேங்க் செக்குன்னா இன்னும் மோசம், செக்குக்கு பதிலா அதோட படத்தை பேங்குக்கு பேங்க் அனுப்பற சிடிஎஸ்ல போற கிரே படமே 100 டிபிஐ, அதாவது இஞ்சுக்கு 100 புள்ளிதான், அந்த இங்க் புள்ளி எங்க தெரியப்போவுது.

சரி, நியாயமும் சொல்லணும். அசலையே பாக்காம குத்துமதிப்பா கிறுக்கிட்டு வர்ற கேஸை டபக்குனு புடிக்குது. அப்பா பேருக்கு பையன் போட்டதை நாங்க யாரும் கவனிக்கறதுக்கு முன்னாடி அதான் சொல்லுச்சு. மாசக்கடைசி கட்டுல எதை எடுத்து உத்துப் பாக்கணும்னு பிரிச்சுக் குடுக்கறதே பெரிய ஒத்தாசை. அக்காங்களோட சைனை வேற வேற நாள்ல வாங்கி ஏத்துனா செவப்பும் கொறையுது. ஆனா அஞ்சு சேம்பிளுக்கு மேல ஏத்த மேல் பிளான் வாங்கணுமாம், வயித்தெரிச்சல்.

ரேட் கொறைச்சது புது ஆளுக்கு மட்டும்தான், எனக்கு பழைய ரேட்டுதான், திட்டிக்கிட்டே ரெனியூ பண்ணிட்டேன். நீ வாங்காதடா, உன்கிட்ட சீட்டு எடுக்கறவங்க பாதிப் பேரு கைநாட்டு.