கொச்சியிலிருந்து மறையூர் வரை: புதிய ஸ்விஃப்ட்

2024-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் காரின் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜினைப் புதிதில் பதமாக ஓட்டிப் பழக்குவதற்குக் கொச்சியிலிருந்து மறையூருக்கு வரும் வழி மிகவும் பொருத்தமானது. கோதமங்கலம் வரை ஒரே வேகத்தில் நிலைக்காமல் கூட்டியும் குறைத்தும் ஓட்டினோம். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு இழைந்து படிவதற்கு இவ்வாறு மாறிமாறி விழும் சுமையே தேவை. நேரியமங்கலம் பாலத்துக்கு அப்பால், மூன்றாம் கியரில் இன்ஜின் திணறத் தொடங்குமுன்பே இரண்டாம் கியருக்கு மாறி, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தாமல் ஏறினால், முனகாமல் இழுக்கிறது. கிளட்ச் மிக இலகு. மூணாறுக்குப் பிந்தைய இறக்கத்தில் பிரேக்கின் பாதி வேலையை இரண்டாம் கியரே பார்த்துக்கொண்டது. இக்காலத்து வண்டிகளுக்கு இந்தப் பக்குவமெல்லாம் வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னார் (விற்றுவிட்டவருக்கு என்ன கவலை!). ஆனாலும், முதல் 1000 கிலோமீட்டரில் நிதானம் காட்டுவதும், ஆள்களையும் மூட்டைகளையும் அளவோடு ஏற்றுவதும் நல்லது என்பதே என் கருத்து.