ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு பிரேக் பைப்: ஸ்டீலா, காப்பர் நிக்கலா, ஸ்டெயின்லெஸ்ஸா?

1961ல இருந்து மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் உங்ககிட்ட இருந்தா, பெயிண்ட் வேலைய தள்ளி வச்சிட்டு முதல்ல அடியில படுத்து பிரேக் பைப்ப பாருங்க. நாலு வீலும் டிரம், சிங்கிள் சர்க்யூட், ஏதோ ஒரு மூலையில ஒரு பைப் புட்டுக்கிச்சுன்னா மொத்த பிரேக்கும் காலி, ஹேண்ட்பிரேக் மட்டும்தான் மிச்சம். மாத்தறதுன்னு முடிவு பண்ணா 3/16 இன்ச் பைப்தான், மில்லிமீட்டர்ல 4.75.

ஒரிஜினலா வந்தது ஸ்டீல், நம்ம ஊர்ல பண்டி ட்யூப்னு கேட்டா குடுப்பாங்க. விலை கம்மி, பலம் ஜாஸ்தி, கல்லடிக்கு அசையாது. ஆனா துரு பிடிக்கும், அதுவும் கடற்கரை ஊர் காத்துல வெளிய இருந்து, தண்ணிய இழுத்து வச்சிக்கிற டாட் 3 பிரேக் ஆயிலால உள்ள இருந்து. கோட்டிங் போட்டது வாங்குனா ரொம்ப வருஷம் வரும், வளைக்கும்போது கோட்டிங் உரியாம பாத்துக்கணும்.

காப்பர் நிக்கல்ங்கறது 90 பங்கு காப்பர், 10 பங்கு நிக்கல், கூட கொஞ்சூண்டு இரும்பு, மாங்கனீசு. துரு பிடிக்காது, கையாலயே வளைக்கலாம், ஃப்ளேர் அடிச்சா, அதாவது கசியாம படியறதுக்கு நுனிய விரிச்சு விட்டா, வெண்ணெய் மாதிரி வரும். வோல்வோ 1976லயே கம்பெனி ஃபிட்டிங்கா போட ஆரம்பிச்சாச்சு, அதனால இது ஏதோ வீட்டுல கண்டுபிடிச்ச ஐடியான்னு நினைக்காதீங்க. ஸ்டீலவிட விலை கூட, அவ்ளோதான் குறை. ஆனா ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில கிடைக்கிற வெறும் காப்பர் பைப் இதுக்கு பதில் ஆகவே ஆகாது, அதிர்வுல இறுகி ஒரு நாள் விரிசல் விடும், பாக்க ரெண்டும் ஒரே கலர்ல இருக்குன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

ஸ்டெயின்லெஸ் பளபளன்னு இருக்கும், ஷோ வண்டிக்கு ஓகே. ஆனா ரொம்ப கெட்டி, சாதா கிளாம்ப்ல பிடிச்சா வழுக்கும், ஃப்ளேர் ஓரம் வெடிக்கும், நல்லா வந்தாலும் ஜாயிண்டுக்குள்ள நுனி உக்கார்ற இடத்துல படியாம கசியும். வீட்டுல செய்றவங்களுக்கு வேண்டாம்பேன்.

என் ஓட்டு காப்பர் நிக்கலுக்குத்தான், காரணம் துரு இல்ல, ஃப்ளேர். பைப் எதுவா இருந்தாலும் கடைசியில பிரஷர தாங்கறது அந்த நுனிதான், காப்பர் நிக்கல்ல அது சுமாரான டூல்லயும் சரியா வரும். இங்கயும் ரெண்டு வகை இருக்கு, நுனிய உள்பக்கமா மடிச்சு ரெண்டு அடுக்காக்குற டபுள் ஃப்ளேர், குமிழ் மாதிரி உப்ப வைக்கிற பபுள் ஃப்ளேர். பைப் போயி மாட்டற ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சு பாருங்க: நடுவுல கூம்பு மேல எழும்பி இருந்தா டபுள், உள்பக்கம் குழிஞ்சு இருந்தா பபுள். பழைய பைப்ப கழட்டுனதும் தூக்கி போடாம ஒவ்வொரு நுனியையும் அப்படியே காப்பி பண்ணுங்க, ஒரே பைப்லயே ரெண்டு நுனியும் வேற வேறயா இருக்கலாம். ஏசி மெக்கானிக் வச்சிருக்கற ஃப்ளேரிங் டூல் சிங்கிள் ஃப்ளேர் மட்டும்தான் போடும், பிரேக்குக்கு அது கூடவே கூடாது.

பைப் கட்டர்லதான் அறுக்கணும், ஹாக்ஸா பிளேடு வேண்டாம், நுனி நேரா வராது, உள்ள தூளும் போகும். பிசிறு எடுத்து காத்தடிச்சு, நட்ட *முதல்லயே* மாட்டி, நுனியில ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவி ஃப்ளேர் அடிங்க.

நட்டு விஷயத்துல உஷார். ஹெரால்டுல வர்றது 3/8 யூஎன்எஃப், அதாவது இன்ச் அளவு நட்டு, இன்ச்சுக்கு 24 புரி. சென்னை புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்ல அவசரத்துக்கு குடுக்கறது மில்லிமீட்டர் அளவு எம்10 ஆவும் இருக்கலாம், பாக்க ஒரே மாதிரி, எம்10 ஓட்டையில 3/8 நட்டு லூசா போயி புரிய காலி பண்ணிடும், எம்10 நட்டோ 3/8 ஓட்டையில ஏறாது, ஸ்பேனர போட்டு அழுத்துனீங்கன்னா சிலிண்டரே போச்சு. கையாலயே நாலஞ்சு சுத்து சுலபமா போகுதான்னு பாத்துட்டு அப்புறம் ஸ்பேனர் எடுங்க.

பிரேக் லைன்ல காத்து எடுத்து முடிச்சதும் ஒருத்தர பெடல பலமா மிதிச்சு பிடிச்சிக்க சொல்லிட்டு ஒவ்வொரு ஜாயிண்டையும் காஞ்ச டிஷ்யூவால தொட்டு பாருங்க, லேசா ஈரமானாலும் வண்டிய தெருவுல எறக்காதீங்க.