செராமிக் கோட்டிங் என்று 18,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள்: பெயிண்ட் வெளுத்த கார் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

கை நடுங்கும் கோபத்தில் எழுதுகிறேன், தட்டச்சுப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 18,500 ரூபாய், பெயிண்டுக்கு மேலே பூசும் செராமிக் என்ற பாதுகாப்புப் பூச்சுக்காக. கடைப் பெயரைப் போடவில்லை. சென்னையில் இப்போது தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் கண்ணாடிச் சுவர், நீல விளக்கு டீட்டெய்லிங் ஸ்டுடியோக்களில் (காரைப் பாலிஷ் போட்டு மெருகேற்றும் கடைகள்) ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிக் கடைக்குப் போனால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 2012 மாடல் சிவப்பு ஸ்விஃப்ட். திருவான்மியூர் பக்கம் வீடு, மூடிய பார்க்கிங் கிடையாது. வருடக்கணக்கில் வெயிலிலேயே நின்றதில் ரூஃபும் பானெட்டும் வெளுத்துவிட்டன. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். கதவுகள் மட்டும் பளபளப்பாகவே இருந்தன, ஏனென்றால் உச்சி வெயில் நேராக விழுவது மேல்பாகத்தில்தான். சிவப்புக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

கடையில் இருந்த தம்பி வண்டியைச் சுற்றி வந்து, "வெறும் ஆக்சிடேஷன்தான் சார், கட்டிங் போட்டு பாலிஷ் பண்ணி மேல செராமிக் அடிச்சா மூணு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்றார். ஆக்சிடேஷன் என்றால் பெயிண்டின் மேல்பரப்பு வெளுப்பது, கட்டிங் என்றால் அந்தப் பரப்பைத் தேய்த்தெடுப்பது. பானெட்டின் நடுவில் ஒரு டேப் ஒட்டினார். டேப்புக்கு ஒரு பக்கம் மட்டும் வெள்ளைத் துணியில் காம்பவுண்ட் (தேய்த்தெடுக்கும் பசை) வைத்து மெஷின் ஓட்டி, பிறகு ஏதோ ஒரு பாட்டிலில் இருந்து ஊற்றித் துடைத்தார். டேப்பைப் பிரித்தபோது இடது பக்கம் சுண்ணாம்பு, வலது பக்கம் என் முகம் தெரிகிறது. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் விழுந்துவிடுவார்கள். வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் அனுப்பினேன், "அட, புது வண்டி மாதிரி இருக்கே" என்று தங்கை பதில் போட்டாள்.

அப்போது அவர் அந்தத் துணியை விரித்துக் காட்டினார். செக்கச்செவேல் என்று இருந்தது. "பாத்தீங்களா சார், எவ்ளோ அழுக்கு! உங்க வண்டினு இல்ல, என் வண்டி மாதிரி பாத்துக்கறேன்." முழுப் பணத்தையும் அப்போதே ஜிபேயில் அனுப்பினேன். அன்று சாயங்காலமே வண்டி கைக்கு வந்தது. கூடவே கையால் எழுதிய ஒரு வாரண்டி அட்டை. அதில் எந்த கம்பெனி கோட்டிங் என்று ஒரு எழுத்துகூட இல்லை.

இரண்டு மழைதான் பெய்தது. ரூஃப் மறுபடி பால் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்க மெஷின் சுழன்ற வட்ட வட்டத் தடம். பானெட் முனையில், விளக்குக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பே போய் சாம்பல் நிற பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் இருக்கும் பூச்சு) தெரிகிறது.

போன் செய்தேன். "போர் தண்ணில கழுவினீங்களா சார்?" ஆமாம், சென்னையில் வேறு எதில் கழுவுவது? நேரில் போனேன். "வாரண்டி கோட்டிங்குக்குத்தான் சார், பெயிண்டுக்கு இல்ல." சரி, பிரைமர் தெரிகிறதே? "அது முன்னாடியே இருந்துச்சு." அவர் டேப் ஒட்டியபோது நான் எடுத்த படத்தைக் காட்டினேன், அந்த முனை நல்லா சிவப்பாக இருக்கிறது. உடனே ஓனர் கோயம்புத்தூர் போயிருக்கிறார், வந்ததும் பேசுவார் என்றார்கள். அந்த ஓனர் இன்னும் கோயம்புத்தூரில்தான் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் இல்லை. கடைசியாகக் கூப்பிட்டபோது "ஹலோ, யாருங்க நீங்க?" என்றார் என் வண்டியைத் தன் வண்டி மாதிரி பார்த்துக்கொள்வதாகச் சொன்ன அதே தம்பி.

பிறகுதான் பழைய டிங்கரிங் பெயிண்டிங் பட்டறைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். கதவில் கொஞ்சம் காம்பவுண்ட் வைத்துத் தேய்த்தார், துணி வெள்ளையாகவே இருந்தது. பானெட்டில் தேய்த்தார், துணி சிவப்பு. "இது அழுக்கு இல்லண்ணே, உங்க பெயிண்டு" என்றார். கலருக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கும், அது இருக்கும்வரை துணியில் கலர் வரக்கூடாது. வந்தால் அந்த இடத்தில் கிளியர் போய்விட்டது, இனி எந்த பாலிஷும் நிற்காது, திரும்ப அடிப்பதுதான் வழி. பழைய வண்டிகளில் கிளியரே இல்லாத ஒற்றைப் பெயிண்ட் உண்டு, அதில் துணி சிவப்பது சகஜம், நன்றாகத் தேய்த்தால் பளபளப்பும் திரும்பும். என் வண்டி அந்த ரகம் இல்லை. பார்த்த நிமிடமே அந்தத் தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் கண்ணாடிப் பளபளப்பு? எண்ணெய்ப்பசை உள்ள ஒரு பூச்சு, கீறலையும் வெளுப்பையும் நிரப்பி மறைக்கும், நாலு தடவை கழுவினால் போய்விடும் என்றார். செராமிக் அடித்தார்களா என்பதே சந்தேகம். அதற்கு முன்னால் ஆல்கஹால் போட்டு எண்ணெய்ப்பசையைத் துடைக்க வேண்டும், துடைத்திருந்தால் குட்டு அங்கேயே வெளிப்பட்டிருக்கும். ரூஃபும் பானெட்டும் மட்டும் அடிக்க அவர் சொன்ன தொகை நான் தூக்கிக் கொடுத்த 18,500-ஐவிடக் குறைவு. வயிறு எரிகிறது.

விவரமாகச் சொல்வதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாக நாலு விஷயம். டேப் ஒட்டி மாதிரி காட்டினால், அந்த இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். மெஷின் வைப்பதற்கு முன் பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் கேளுங்கள். கம்பெனிப் பெயிண்டே மொத்தமாக 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதில் கிளியர் சுமார் 40, 50. மூலை முடுக்கில் மெஷின் கொஞ்சம் நின்றாலே போச்சு. கோட்டிங் "9எச்" கடினம் என்று சொன்னால் வாயைப் பிளக்காதீர்கள், அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, சாவிக் கீறலைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. ஜிஎஸ்டி எண்ணும் கோட்டிங் பெயரும் இல்லாத பில்லை வாங்காதீர்கள். என்னிடம் இருப்பதில் "கார் கேர் பேக்கேஜ்" என்று மட்டும் எழுதி 18,500 போட்டிருக்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. அந்தக் கடையின் விளம்பரம் இன்றும் என் போனில் வருகிறது, டேப் ஒட்டிய ஒரு சிவப்பு பானெட் படத்தோடு. அது என் வண்டியா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆமாம் என்றால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு சேர்ப்பேன்.