டச்மேனில் தூக்கம், பிகாச்சோவில் ஏற்றம்

ஃபீனிக்ஸ் பக்கம் புதிதாகக் குடிவந்த நண்பர்கள், குளிர்காலம் எட்டிப் பார்த்ததும் கேட்பது இதுதான்: கூடாரம் போட லாஸ்ட் டச்மேன் நல்லதா, பிகாச்சோ பீக் நல்லதா? இரண்டுமே அரிசோனாவின் மாநிலப் பூங்காக்கள். கள்ளிக்காட்டு நடுவே திடீரென்று எழும் பாறை மலை இரண்டிலும் உண்டு. ஆனால் படுக்க நல்ல இடம் ஒன்று, ஏற நல்ல மலை இன்னொன்று என்பது என் கட்சி.

முதலில் படுக்கை. லாஸ்ட் டச்மேன் சூப்பர்ஸ்டிஷன் மலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது. அதனால் மாலை வெயில் முழுதும் எதிரே நிற்கும் பாறைச் சுவரில்தான் விழும். அது மஞ்சளாகி, சிவந்து, அணைவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தபடி பார்க்கலாம். காலையில் அதே சுவர் நிழல் தரும், கூடாரம் சீக்கிரம் சுடாது.

பிகாச்சோவில் ஐ-10 நெடுஞ்சாலையும் சரக்கு ரயில் பாதையும் பக்கத்திலேயே ஓடுகின்றன. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம், எனக்கு முடியவில்லை. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்: நட்சத்திரம் பார்க்க பிகாச்சோதான் மேல். டச்மேனில் ஃபீனிக்ஸின் வெளிச்சம் மேற்கு வானத்தை வெளுக்க வைத்துவிடும்.

அப்புறம் ஏற்றம். டச்மேனில் எல்லோரும் குறிவைப்பது ஃபிளாட்அயர்ன் என்னும் தட்டைப் பாறை முனை. உயரம் 4,800 அடிக்கு மேல். போக வர ஏறக்குறைய 6 மைல், அதற்குள் சுமார் 2,800 அடி ஏற வேண்டும். சைஃபன் டிரா பாதை, வழுவழுப்பான பாறைக் குழிவு வரை ஒழுங்காக வரும். அதற்கு மேல் பராமரிக்கப்பட்ட பாதை கிடையாது. உருண்டு கிடக்கும் கற்களில் கையையும் காலையும் ஊன்றித்தான் போக வேண்டும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் ஆளைவிட உயரமான பாறைச் சுவர் ஒன்று வழிமறிக்கும். ஏறிவிடலாம், இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். மதியத்துக்குள் தண்ணீர் தீர்ந்து, மீட்பு ஹெலிகாப்டரை வரவழைக்கும் ஆட்கள் இங்கே அபூர்வமில்லை.

பிகாச்சோ 3,374 அடிதான். ஹன்டர் பாதை ஒருவழி 2 மைல். எண்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கஷ்டப்பட்டு ஏறி இரு முகடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தை அடைந்தால், பாதை மறுபக்கம் சரசரவென்று கீழே இறங்கும். ஏறியதைக் கொட்டிவிட்டு மறுபடி ஏற வேண்டும். திரும்பும்போது அந்த இறக்கமே ஏற்றமாகி நிற்கும். பாறையில் அடித்த இரும்புக் கம்பி வடங்களைப் பிடித்துத்தான் பல இடங்களில் நகர முடியும். கையுறை இல்லாமல் போய் உள்ளங்கை கன்றிப்போனவன் சொல்கிறேன், பத்து டாலர் தோட்டக் கையுறையே போதும். அரை நாளில் முடிந்துவிடும் என்றாலும் ஒவ்வொரு அடியிலும் சுவாரசியம் உண்டு. ஃபிளாட்அயர்னில் பாதி நேரம் வெறும் மூச்சிரைப்புதான்.

கதைகளிலும் போட்டி உண்டு. டச்மேன் என்று பெயர் வாங்கிய ஜேக்கப் வால்ட்ஸ் உண்மையில் ஜெர்மானியர். அவர் 1891-இல் இறந்தபின், அவருடைய தங்கச் சுரங்கம் என்று நம்பப்படுவதைத் தேடி உயிரை விட்டவர்களும் உண்டு. பிகாச்சோவில் 1862 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிறு மோதல் ஒன்று நடந்தது. குழந்தைகளிடம் தங்கக் கதைதான் எடுபடும்.

சின்னப் பிள்ளைகளும் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவும் கூட இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு டூசானுக்கு வடக்கேயுள்ள கேட்டலினா பூங்காவுக்குப் போங்கள். ஹோஹோகம் மக்களின் பழைய குடியிருப்பு எச்சங்களைச் சுற்றி வரும் சிறு நடையே அவர்களுக்குப் போதும். மழைக்குப் பிந்தைய மாதங்களில், நடக்கத் தெம்புள்ளவர்கள் 2.8 மைல் தள்ளியிருக்கும் ரொமேரோ குளங்களில் கால் நனைக்கலாம்.

எங்கே போனாலும் பையில் ஒரு சீப்பு இருக்கட்டும். ச்சோயா (cholla) என்னும் கள்ளிச்செடியின் முள்ளுருண்டை செருப்பிலோ காலிலோ ஒட்டினால் கையால் பிடுங்கக் கூடாது. சீப்பை அடியில் கொடுத்து வெடுக்கென்று தள்ள வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அப்போது மூன்றுமே வேண்டாம்.

என் கணக்கு இப்படி: வெள்ளி, சனி இரவுகள் டச்மேனில், ஃபிளாட்அயர்னைக் கீழே இருந்தே பார்த்துக்கொண்டு. பிகாச்சோவுக்கு வேறொரு நாள், விடியும் முன் வீட்டிலிருந்து காரைக் கிளப்பி.