பாய்லர் ரூம்: ஹாரியின் வீட்டுப் பணம்

நேற்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து 'பாய்லர் ரூம்' பார்த்தேன். 2000-இல் வந்த படம். வீட்டிலேயே சூதாட்டம் நடத்திவந்த சேத், நீதிபதியான தன் அப்பாவிடம் நல்ல பேர் வாங்கப் பங்குத் தரகனாகிறான். விற்பதெல்லாம் ஒன்றுக்கும் உதவாத பங்குகள். பென் அஃப்லெக் புதுப் பையன்களை மிரட்டும் காட்சி பிரமாதம், சரி. ஆனால் என்னை உலுக்கியது சேத்திடம் பங்கு வாங்கும் ஹாரிதான். வீடு வாங்க வைத்திருந்த சேமிப்பை, போனில் கேட்ட குரலை நம்பிக் கொடுத்துவிடுகிறார். அப்பா மெதுவாக டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவரும் ஒருமுறை அப்படி ஒரு போனை எடுத்தவர். காதல் கதை ஒட்டவில்லை, முடிவும் அவசரம். இருந்தாலும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேஸில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் தம்பியை இதைக் கட்டாயம் பார்க்கவைப்பேன்.